காணிக்கைக் கணக்கும் நம் பொறுப்பும்

(2023-ஆம் ஆண்டு, சபையின் வெள்ளி விழாக் குடும்பக் கூடுகையில், பொருளாளராக ஊழியம் செய்யும் சகோதரி ஆற்றிய உரை)



இந்த வெள்ளி விழாவிலே பாடுவதற்கும் சாட்சி சொல்லுவதற்கும் வரம் பெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். எனக்குக் கமிட்டி கொடுத்த தலைப்பு கணக்கு. தலைப்பைக் கேட்டதும் சிலர் டீ எடுக்க எழுந்து போவதைப் பார்க்கிறேன். பரவாயில்லை, எனக்கும் ஒரு கப் கொண்டுவாருங்கள்.

போன வருஷம் வருடாந்தரக் கூட்டத்தில் நாம் எல்லாரும் கை உயர்த்தி ஒரு தீர்மானம் செய்தோம். சபையின் கணக்கெழுதும் வேலையை, அதையே தொழிலாகச் செய்கிற ஒரு வெளி நிறுவனத்திடம் மாதக் கட்டணத்துக்குக் கொடுப்பது என்பதே அந்தத் தீர்மானம். கை உயர்த்தினீர்கள், ஆனாலும் ஆராதனை முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் என்னைப் பிடித்து, "ஏம்மா, நம்ம வீட்டுக் கணக்கை ஊரான் கையில கொடுத்துட்டீங்களே" என்று கேட்டவர்களும் நீங்கள்தான். ஒரு வருஷம் ஓடிவிட்டது. அந்தக் கேள்விக்கு இன்று எல்லாருக்கும் பொதுவாகப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் கணக்குப் படித்தவள் அல்ல. ஊரில் நர்சிங் படித்து, 2004-ல் இங்கிலாந்துக்கு வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் அடாப்டேஷன் முடித்து, அதன் பிறகு ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிறவள். ஆகவே எனக்குத் தெரிந்த வார்த்தைகளில்தான் பேசுவேன்.

பிடி அரிசி

எனக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்பதை இங்கே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரிசியை உபதேசியார் தனியாக அளக்க மாட்டார். பக்கத்தில் இன்னொரு பெரியவர் நிற்பார். ஒருவர் படியால் அளந்து எண்ணிச் சொல்ல, மற்றவர் எழுதுவார். சிறுமியாக இருந்தபோது, உபதேசியார்மேல் நம்பிக்கை இல்லாததால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஆச்சியிடம் கேட்டதற்கு, "நாளைக்கு அவர ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுல்லா, அதுக்குத்தான்" என்றாள். கூட நின்றவர், உபதேசியாரைக் காப்பதற்காக நின்றாராம்.

ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அதையே மறுபடி கண்டேன். மார்பின் போன்ற மருந்துகளைப் பூட்டிய அலமாரியில் வைத்திருப்போம். அதற்கென்று ஒரு ரெஜிஸ்டர் உண்டு. மருந்தை எடுக்கும்போது இரண்டு பேர் நிற்க வேண்டும். எத்தனை இருந்தது, எத்தனை எடுத்தோம், மீதி எத்தனை என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அடித்து மறைக்கக் கூடாது. தப்பு தெரியும்படி அப்படியே விட்டு, பக்கத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருபது வருஷம் அனுபவமுள்ள சிஸ்டருக்கும் இதே விதிதான். யாரும் இதை அவமானமாக நினைப்பதில்லை.

நீல நோட்டு

நம் சபை 1998-ல் ஏழு குடும்பங்களோடு ஒரு வீட்டு முன்னறையில் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் கணக்கு என்பது ஒரு நீல அட்டை நோட்டு. அதை எழுதியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். பத்து வருஷம் ஒரு பென்னி வாங்காமல் செய்தார். பஸ்ஸில் போய் பேங்கில் பணம் கட்டிவிட்டு, பஸ் காசைக்கூடக் கேட்க மாட்டார்.

நான் இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, ஆழிப்பேரலை வந்தது. அடுத்த ஞாயிறு இந்தச் சபையில் யாரும் பிரசங்கம் கேட்கிற நிலையில் இல்லை. மட்டக்களப்பில் சொந்தக்காரர் இருந்தார்கள், முல்லைத்தீவில் இருந்தார்கள், நாகப்பட்டினத்தில் இருந்தார்கள். காணிக்கைப் பைகள் நிறைந்தன. சில சகோதரிகள் வளையலைக் கழற்றிப் போட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து 6,420 பவுண்டு வந்தது. மாஸ்டர் ஜனவரியில் 5,000 பவுண்டை அனுப்பினார். ரசீதும் வந்தது.

2008-ல், சபையை முறைப்படி சேரிட்டியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று பழைய கணக்குகளை எடுத்தபோது, ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "மீதி 1,420 எங்கே?"

மாஸ்டர் நோட்டைப் புரட்டினார். "அனுப்பினனான்" என்றார். எப்போது, யாருக்கு என்று கேட்டால் அவருக்கு நினைவு வரவில்லை. நோட்டில் எழுதவும் இல்லை. யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் எழுந்து, "இவர் அப்படிச் செய்கிறவர் அல்ல" என்றும் சொல்லவில்லை. அந்த அறையில் நானும் இருந்தேன். நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்.

வேறு ஊரில் இருந்த ஒரு கணக்காளர் சகோதரரிடம் உதவி கேட்டோம். ஹால் அலமாரியில் ஒரு கடைப் பைக்குள் பேங்க் ஸ்டேட்மென்ட்கள் கிடந்தன. மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாக நோட்டோடு ஒத்துப் பார்த்தார். 2005 மார்ச்சில் 2,000 பவுண்டுக்கு ஒரு டிராப்ட் போயிருந்தது. நோட்டில் அதற்கு நேரே ஒரே சொல்: "ஊருக்கு." அந்த 2,000-ல் 1,420 ஆழிப்பேரலைப் பணம், மீதி 580 மிஷனரிக் காணிக்கை. இரண்டையும் ஒரே டிராப்டாக அனுப்பினால் பேங்க் கட்டணம் மிச்சம் என்று மாஸ்டர் சேர்த்து அனுப்பியிருக்கிறார். ஒரு பென்னிகூடக் குறையவில்லை.

அடுத்த கூட்டத்தில் அறிக்கையை வாசித்தார்கள். எல்லாரும் கை தட்டினோம். மாஸ்டர் அங்கே இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அவர் குடும்பம் வேறு சபைக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்கள் போய்ப் பேசியும் அவர்கள் திரும்பி வரவில்லை.

என் தவறு

2018-ல் பொருளாளர் பொறுப்பு எனக்கு வந்தது. மாஸ்டருக்கு நடந்தது எனக்கும் நடக்கக் கூடாது என்ற பயத்தில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நான்கு நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சமையல் மேசையில் உட்கார்ந்து ரசீதுகளை அடுக்குவேன். சில ராத்திரிகளில் எண்கள் கண்முன் நீந்தும்.

கிப்ட் எய்ட் உங்களுக்குத் தெரியும். வரி கட்டுகிற ஒருவர் படிவத்தில் கையெழுத்திட்டு 100 பவுண்டு கொடுத்தால், சபை வரி இலாகாவிடமிருந்து மேலும் 25 பவுண்டு பெறலாம். இதோடு சிறு காணிக்கைகளுக்கென்று வேறொரு திட்டமும் உண்டு. பையில் விழுகிற ரொக்கத்தில், ஒருவர் ஒரு தடவை கொடுப்பது 30 பவுண்டுக்கு மேற்படாததாக இருந்தால், படிவம் இல்லாமலே கேட்கலாம். ஒரு வரி வருஷத்தில் 8,000 பவுண்டு வரைக்கும் கேட்கலாம். அப்படியானால் 2,000 பவுண்டு வரை கிடைக்கும். ஆனால் அந்த வரி வருஷம் முடிந்து இரண்டு வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும். கிப்ட் எய்டுக்கோ நான்கு வருஷம் அவகாசம் உண்டு.

2017-18 வருஷத்துக்கு நாம் கேட்காமல் விட்டிருந்தோம். கடைசி நாள் 2020 ஏப்ரல் 5. அந்த மார்ச்சிலும் ஏப்ரலிலும் நான் எங்கே இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். முகத்தில் மாஸ்க் தழும்போடு கோவிட் வார்டில் இருந்தேன். வீட்டில் நாலு வாரம் தனி அறையில் படுத்தேன். கணக்கு என் நினைவிலேயே இல்லை. மே மாதம் பைலைத் திறந்தபோது தேதி தாண்டியிருந்தது. சுமார் 1,400 பவுண்டு. நம் பிள்ளைகள் முகாமுக்கு உதவியிருக்கும் பணம்.

கமிட்டியில் சொன்னேன். ஒருவரும் கோபப்படவில்லை. "அந்த நேரத்துல நீங்க உயிரோட இருந்ததே போதும் சிஸ்டர்" என்றார்கள். அந்த அன்பை மறக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தேன். ஒரு பெண் நோயாய் விழுந்தாலோ, வேலை மாறினாலோ, களைத்துப்போனாலோ ஒரு சபையின் கணக்கு நின்றுவிடும் என்றால், கோளாறு அந்தப் பெண்ணிடம் மட்டும் இல்லை, அந்த ஏற்பாட்டிலும் இருக்கிறது. ஒரே ஒரு நர்ஸை வைத்து எந்த வார்டும் நடப்பதில்லை.

சட்டம் கேட்பது

நம்மைப் போன்ற சபை இந்த நாட்டில் ஒரு சேரிட்டி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருஷ வருமானம் சட்டம் வைத்த வரம்பைத் தாண்டினால், வெளியிலிருந்து ஒரு சுயாதீனப் பரிசோதகர் நம் கணக்கைப் பார்க்க வேண்டும். வருஷம் முடிந்து பத்து மாதத்துக்குள் சேரிட்டி கமிஷனுக்கு விவரம் அனுப்ப வேண்டும். கட்டட நிதி, மிஷனரிக் காணிக்கை என்று ஒரு நோக்கம் சொல்லி வாங்கிய பணத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது. அதன் வரவும் செலவும் தனியே தெரிய வேண்டும். 2005-ல் "ஊருக்கு" என்று ஒரே சொல்லில் கலந்துபோனது இதுதான். போதகர் ஐயாவுக்குக் கொடுக்கும் ஊதியத்துக்கு மாதாமாதம் வரி விவரம் போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் நம் டிரஸ்டிமார் கூட்டாகப் பொறுப்பு. பொருளாளர் மட்டும் அல்ல, எல்லா டிரஸ்டியும்.

வேலையை வெளியே கொடுத்தாலும் அந்தப் பொறுப்பு நம்மை விட்டுப் போகாது. இதை நான் ஒரு ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். நோயாளியின் ரத்தத்தை நான் எடுக்கிறேன். பரிசோதிப்பது லேப். அவர்களுக்கு என்னைவிட அதில் திறமை உண்டு. ஆனால் குழாயில் பெயரும் பிறந்த தேதியும் எழுத வேண்டியது நான். அதையும் கட்டிலருகே நின்று அப்போதே எழுத வேண்டும். ரத்தம் ஏற்றுவதற்கான குழாயில் பெயர் தப்பாக இருந்தால், லேப் அதைத் தொடவே தொடாது, திரும்ப எடுக்கச் சொல்லும். முடிவு வந்த பிறகு அதை வாசித்து டாக்டரிடம் சொல்ல வேண்டியதும் நான். "லேபுக்கு அனுப்பிட்டேன், இனி எனக்குத் தெரியாது" என்று ஒரு நர்ஸ் சொன்னால் அவளை யாரும் நர்ஸ் என்று சொல்ல மாட்டார்கள்.

எதைக் கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை

வெளி நிறுவனத்துக்குக் கொடுத்தது இவ்வளவுதான்: வரவு செலவுகளை மென்பொருளில் பதிவது, மாதந்தோறும் பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்ப்பது, ஒவ்வொரு நிதியையும் தனியாகக் காட்டுவது, ஊதியப் பட்டியல், கிப்ட் எய்ட் விண்ணப்பம், வருஷக் கணக்கின் வரைவு.

நம் கையில் வைத்துக்கொண்டது: காணிக்கையை எண்ணுவது. இரண்டு பேர் எண்ணுகிறார்கள்; அவர்கள் கணவன் மனைவியாகவோ ஒரே வீட்டாராகவோ இருக்கக் கூடாது. எண்ணின தாளில் இருவரும் கையெழுத்து. எண்ணின பணம் முழுவதும் திங்கட்கிழமை பேங்குக்குப் போகிறது. முன்பு பையிலிருந்தே ஹால் வாடகையும் பால் பாக்கெட் காசும் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டுவோம். அப்படிச் செலவழித்த ரொக்கத்துக்குச் சிறு காணிக்கைத் திட்டத்தில் ஒன்றும் கேட்க முடியாது. பேங்கில் கட்டின பணத்துக்குத்தான் கேட்கலாம். இது தெரியாமல் எத்தனை வருஷம் விட்டோமோ!

பணம் அனுப்பும் அதிகாரமும் நம்மிடமே. நம் பேங்க் கணக்கை அந்த நிறுவனம் பார்க்கலாம். அதிலிருந்து ஒரு பவுண்டைக்கூட நகர்த்த முடியாது. ஒவ்வொரு பில்லுக்கும் நம் டிரஸ்டிகள் இரண்டு பேர் அனுமதி கொடுக்க வேண்டும். வருஷக் கணக்கைப் பார்க்கும் சுயாதீனப் பரிசோதகராகவும் அந்த நிறுவனத்தாரை வைக்கவில்லை, வேறொருவர் பார்க்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த மேடையில் நின்று உங்களுக்குக் கணக்குச் சொல்வதும் நான்தான்.

கட்டணம் மாதம் 110 பவுண்டு. வருஷத்துக்கு 1,320. நான் தவறவிட்ட ஒரே ஒரு விண்ணப்பம் அதைவிடப் பெரியது.

அசனமும் பூசணிக்காயும்

தொடக்கம் சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் மாதம் அந்த நிறுவனத்துப் பெண்மணி 23 கேள்விகள் அனுப்பினார். நல்ல பெண், இங்கிலாந்துக்காரி, நம்மைப்பற்றி ஒன்றும் தெரியாது. "அசனம்" என்றால் என்ன? 60 கிலோ அரிசி எதற்கு? "பிறந்தநாள் காணிக்கை" என்றால் யாருடைய பிறந்தநாள், சபையினுடையதா? ஸ்தோத்திரக் காணிக்கையும் தசமபாகமும் வேறு வேறா?

பிறகு அறுப்பின் பண்டிகை வந்தது. நம் ஆட்கள் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 90 பவுண்டுக்கு எடுத்தார்கள். நான் வழக்கம்போல எல்லாவற்றையும் காணிக்கை என்று அனுப்பிவிட்டேன். "பூசணிக்காய் அவருடைய வீட்டுக்குப் போயிற்றா?" என்று பதில் வந்தது. போயிற்று என்றேன். அப்படியானால் அவர் ஒரு பொருளை வாங்கியிருக்கிறார். அந்தப் பணத்தை அப்படியே கிப்ட் எய்டில் சேர்க்க முடியாது என்று பிரித்துக் காட்டினார். எங்களுக்கு உறைத்தது. பூசணிக்காய் எடுத்த அண்ணன் இங்கேதான் இருக்கிறார், சிரிக்கிறார்.

அதன் பிறகு நான் ஒரு பக்கத்துக்கு ஒரு சொற்பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அசனம், ஏலம், பிடி அரிசி, ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி, ஊழியர் தாங்கும் நிதி என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம். இருபது வருஷமாக நாம் வாயால் சொல்லிவந்த வித்தியாசங்களை முதல்முறையாக எழுத்தில் வைத்தோம். இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று கேள்விகள்தான் வருகின்றன.

மூன்று கேள்விகள்

"காணிக்கைப் பணத்தில் வெளியாருக்குக் கூலி கொடுக்கலாமா?" என்கிறார்கள். ஹாலைத் துப்புரவு செய்கிறவருக்கும், பாய்லரைப் பழுது பார்க்கிறவருக்கும் கொடுக்கிறோமே. கணக்கு சுத்தமாக இருப்பது ஹால் சுத்தமாக இருப்பதைவிடக் குறைந்ததல்ல.

"நம்ம சபையிலேயே கணக்குப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக. ஆனால் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிற ஒருவர், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாட வேண்டும். அது லேசான பாரம் அல்ல. நான் நான்கு வருஷம் சுமந்தவள். அந்தப் பிள்ளைகளை நாங்கள் நிதிக் குழுவில் சேர்த்திருக்கிறோம். வருகிற அறிக்கையைக் கேள்வி கேட்பது அவர்கள் வேலை. படித்த கண்ணுக்கு அங்கேதான் மதிப்பு.

"நம் விவரங்கள் வெளியே போகுமே?" இது நல்ல கேள்வி. ஒருவர் எந்தச் சபைக்குக் காணிக்கை கொடுக்கிறார் என்ற பட்டியல் அவருடைய மதநம்பிக்கையைக் காட்டுகிறது. இந்த நாட்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதைத் தனிக் கவனத்துக்குரிய விவரமாக வைத்திருக்கிறது. நம்மில் சிலருக்கு ஊரிலே அப்படி ஒரு பட்டியலில் பெயர் இருப்பதே ஆபத்தாக இருந்த காலம் உண்டு. ஆகவே நாங்கள் இரண்டு நிறுவனங்களிடம் விசாரித்தபோது முதலில் கேட்டது கட்டணம் அல்ல. விவரங்களை எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள், ஒப்பந்தம் முடிந்தால் எப்படித் திருப்பித் தருவீர்கள் என்று எழுத்தில் கேட்டோம். ஒரு நிறுவனத்தின் பதிவு வேலை சென்னையில் நடக்கிறது என்று தெரிந்தது. கமிட்டியில் பாதிப் பேருக்கு ஒரே சந்தோஷம்! ஆனால் அவர்கள் மூன்று கடிதத்துக்கும் தெளிவான பதில் தரவில்லை. பதில் தந்தவர்களை எடுத்தோம். சென்னையோ லண்டனோ, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித் தருகிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

வேதத்தில்

வேதத்துக்கு இது புதிதல்ல. யோவாஸ் ராஜாவின் நாளில் ஆலயத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்த பணம் ஆசாரியர்களிடம் போயிற்று. இருபத்துமூன்றாம் வருஷம் வரையிலும் பழுது அப்படியே கிடந்தது. பிறகு ஒரு பெட்டியின் மூடியிலே துவாரமிட்டு பலிபீடத்தண்டையில் வைத்தார்கள். பெட்டியைத் திறந்து எண்ணும்போது பிரதான ஆசாரியனோடு ராஜாவின் சம்பிரதியும் வந்து நின்றான். ஆலயத்துக்குள்ளிருந்து ஒருவர், அரண்மனையிலிருந்து ஒருவர். 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள்.

எஸ்றா எருசலேமுக்குப் புறப்படுகையில் வெள்ளியையும் பொன்னையும் ஆசாரியரிடம் நிறுத்துக் கொடுத்தார். போய்ச் சேர்ந்த பிறகு, வேறு ஆட்கள் மறுபடியும் நிறுத்து வாங்கி எழுதினார்கள். புறப்படுமுன் உபவாசித்து ஜெபித்தவர்கள்தான் அவர்கள். ஜெபித்தார்கள், நிறுத்தும் பார்த்தார்கள். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தோடு பவுல் தனியாகப் போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் கூட்டிப் போனார். ஒருவரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதே காரணம் என்று அவரே எழுதுகிறார். எங்கள் ஆச்சி சொன்னதும் அதுதான்.

உங்களிடம் கேட்பது

மூன்று காரியம் கேட்கிறேன். முதலாவது, கவரின் மேல் எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். லேபிள் இல்லாத குழாயை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது, வீடு மாறினால் கிப்ட் எய்டுக்குப் புது விலாசம் கொடுங்கள். வேலை போய் வரி கட்டாத நிலை வந்தால் அதையும் வெட்கப்படாமல் என் காதில் சொல்லுங்கள். மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை வாசிக்கும்போது கேள்வி கேளுங்கள். கூட்டத்திலே கேளுங்கள், கார் நிறுத்தும் இடத்திலே அல்ல. கூட்டத்தில் கேட்டால் பதில் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். மாஸ்டருக்குப் பதில் கிடைக்க மூன்று சனிக்கிழமை ஆயிற்று, அதற்குள் காலம் கடந்துவிட்டது. இன்று அதே கேள்வியை நீங்கள் கேட்டால், அதே நிமிஷத்தில் போனில் எடுத்துக் காட்டுவேன்.

போன மாதம் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வெள்ளி விழாவில் உங்கள் கதையைச் சொல்லலாமா என்று அனுமதி கேட்கத்தான் போனேன். அன்று கூட்டத்தில் வாய் திறக்காததற்கு மன்னிப்பும் கேட்டேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போடச் சொன்னார். பிறகு, "பிள்ளை, நீங்கள் கதையுங்கோ. என்ரை பேர் மட்டும் வேண்டாம்" என்றார்.

"இப்ப ஆர் கணக்கு எழுதினம்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அவைக்குத் தமிழ் தெரியுமோ?"

"தெரியாது மாஸ்டர்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப இனி 'ஊருக்கு' எண்டு எழுத ஏலாது" என்றார்.

ஏலாது மாஸ்டர். இனி யாருக்கு, எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

இருபத்தைந்து வருஷம் இந்தச் சபையின் காணிக்கையைக் காத்து நடத்தின கர்த்தர், அதை எண்ணுகிறவர்களையும் எழுதுகிறவர்களையும் அவர்களுடைய நற்பெயரையும் இனிமேலும் காத்துக்கொள்வாராக. அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.